தர்மபுரி ஜனங்களே இப்படித்தானா?

(கல்லூரி மாணவர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘மக்களின் மனப்பான்மையை உருவாக்குவது எது’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். உலகம் முழுக்கச் சுற்றிவரலாம், அவ்வளவு பெரிய தலைப்பு. நான் தர்மபுரி மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே நின்றுகொள்கிறேன். காரணம், இந்த மாவட்டத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் ஒரு பேச்சு எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. “அந்த ஜனங்களே அப்படித்தான்” என்கிறார்கள். பெண் சிசுக்கொலைச் செய்திகள் வந்தபோது சொன்னார்கள். நத்தம் என்ற ஊரின் தலித் காலனி எரிந்தபோது சொன்னார்கள். இலக்கியம்பட்டியில் பேருந்தோடு மூன்று மாணவிகள் எரிக்கப்பட்டபோதும் இதையேதான் சொன்னார்கள்.

அந்தப் பேருந்துக் கொடுமை 2000 பிப்ரவரி 2 அன்று நடந்தது. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்ட நாள் அது. தீ வைத்தவர்கள் அவருடைய கட்சிக்காரர்கள். தலைமை மீதான விசுவாசத்தைத் தெருவில் இறங்கிக் காட்டினால் கட்சியில் மேலே வரலாம் என்று தமிழ்நாட்டு அரசியல் பல வருசமாகக் கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் அவர்கள் அன்று ஒப்பித்தார்கள். அந்தப் பாடம் சென்னையிலும் நடத்தப்படுகிறது, மதுரையிலும் நடத்தப்படுகிறது. பழி மட்டும் தர்மபுரி மண்ணின் மேல் விழுந்தது.

மண்ணில்தான் குணம் இருக்கிறது என்றால் இதே மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியை என்ன செய்வது? விடுதலைப் போராட்டத்தில் இறங்கிய சுப்பிரமணிய சிவா வெள்ளைக்காரன் சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று அரசாங்கம் தடுத்தது. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போன அந்த மனிதர் ஆசிரமம் அமைத்துத் தங்கியதும், 1925 ஜூலையில் கண் மூடியதும் பாப்பாரப்பட்டியில். அரசாங்கம் தள்ளிவைத்தவருக்கு இடம் கொடுத்தவர்களும் இதே ஜனங்கள்தான். சரி, இதை வைத்துக்கொண்டு ‘தர்மபுரிக்காரர்கள் தங்கமானவர்கள்’ என்று மார்தட்டவும் நான் வரவில்லை. அதுவும் முன்னதைப் போலவே சோம்பேறித்தனமான பேச்சு.

நான் சொல்ல வந்தது இதுதான். ஜனங்களின் மனசு தினந்தோறும் அவர்கள் வாசலுக்கு வந்துபோகும் அமைப்புகளால் உருவாகிறது. பட்டா கொடுக்கும் தாலுகா ஆபீஸ், ஊர்ப் பஞ்சாயத்து, கட்சிக் கிளை, டீக்கடை, கோயில் திருவிழாக் கமிட்டி, நர்சம்மா, மகளிர் குழு, போலீஸ் ஸ்டேஷன் என்று இவற்றில் எது யார் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து மனசு இளகும், இறுகும். இளகுவதற்கும் இறுகுவதற்கும் நூற்றாண்டுகள் தேவைப்படுவதில்லை. பத்து வருசம் போதும். இரண்டுக்கும் இந்த மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

வரலாறு என்றதும் அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் வந்துவிடும். மேடைக்கு மேடை கேட்டிருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். இன்றைய நம் மனசுக்கு நெருக்கமான வரலாறு 1792இல் தொடங்குகிறது. அன்று பாராமகால் என்று பெயர் பெற்றிருந்த இந்தப் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறிய வருசம். கும்பினி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் கீழ் வேலை பார்க்க வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே இருந்தார். நிலத்தை அளந்து, வயலுக்கு வயல் தீர்வை போட்டு, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு முதல் ஒத்திகை நடந்த இடம் நம் பாராமகால். அது பின்பு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது.

ஜமீன்தாருக்குக் கும்பிடு போடாத குடியானவன் என்ற பெருமை இந்தப் பக்கத்துச் சிறு விவசாயிக்கு உண்டு. அந்தப் பெருமைக்குக் கீழே ஒரு பள்ளமும் உண்டு. பட்டாவில் பெயர் ஏறியவன்தான் சர்க்காரின் கண்ணில் குடியானவன். அவன் காட்டில் களை வெட்டியவன், ஏர் ஓட்டியவன், பண்ணையாளாக இருந்தவன் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் ராகியும் சாமையும் விதைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் பணக்காரன் இல்லை. ஆனாலும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்று அந்தக் காகிதம் அவனுக்கு ஆறுதல் சொன்னது. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று இன்றும் இருக்கிற அமைப்பில் சாதிக்கு எவ்வளவு பங்கு உண்டோ அதே அளவு தாலுகா ஆபீஸ் கணக்குக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இனி டீக்கடைக்கு வருகிறேன். 1970களில் இந்த மாவட்டத்தின் கிராமத்து டீக்கடைகளில் இரண்டு வகை டம்ளர் இருந்தது உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். காலனிக்காரருக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவி வைக்க வேண்டும். காந்தியைப் பற்றிப் பேசியவர்களும் பெரியாரைப் பற்றிப் பேசியவர்களும் மேடையில் பேசினார்கள். டம்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை உடைக்கிறோம் என்று கிராமத்துக்குள் வந்தவர்கள் நக்சல்பாரி இளைஞர்கள். இரட்டை டம்ளர், கந்துவட்டி, கூலி ஆகிய மூன்றும் அவர்கள் கையிலெடுத்த பிரச்சினைகள். சாதி தாண்டிய கல்யாணங்களையும் நடத்திவைத்தார்கள். அவர்களில் அப்பு, பாலன் என்ற இரண்டு பெயர்கள் இங்கே இன்னும் புழங்குகின்றன. நாயக்கன்கொட்டாயில் அவர்களுக்குச் சிலையும் இருக்கிறது.

1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் குண்டு வெடித்துப் போலீஸார் இறந்தார்கள். அதன்பின் போலீஸ் அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் நடந்த வேட்டையில் இயக்கம் நசுக்கப்பட்டது. பாலன் 1980 செப்டம்பரில் போலீஸ் பிடியில் அடிபட்டு இறந்தார். துப்பாக்கி அரசியலுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ‘அழித்தொழிப்பு’ என்று தனி மனிதர்களைக் கொன்றது அரசியல் ஆகாது. என் கேள்வி வேறு. ஆயுதத்தைப் பறித்த சர்க்கார், இரட்டை டம்ளரை எடுக்க அந்த இடத்தில் யாரை நியமித்தது? தீண்டாமைக்குச் சட்டம் 1955லிருந்து இருக்கிறது. சட்டத்தை டீக்கடை வரை தூக்கிவர ஆள் வேண்டுமே! போலீஸ் ஸ்டேஷன் கிடைத்தது, ரோடு கிடைத்தது. சாதியைப் பற்றிக் கிராமத்தில் பேசுகிற வேலை காலியாகக் கிடந்தது. காலியாகக் கிடக்கும் நாற்காலியில் யாராவது உட்காரத்தான் செய்வார்கள்.

அப்படி உட்கார்ந்தது சாதிச் சங்கம். இதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வன்னியர்கள் இந்த வடமாவட்டங்களில் எண்ணிக்கையில் பெரியவர்கள். படிப்பிலும் அரசு வேலையிலும் பின்தங்கியவர்கள். 1987 செப்டம்பரில் ஒரு வாரம் சாலை மறியல் செய்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பறிகொடுத்து, 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீட்டை வாங்கினார்கள். அந்தக் குறை உண்மையான குறை. அதே 1989 ஜூலையில் பாட்டாளி மக்கள் கட்சி (பா.ம.க.) பிறந்தது. கட்சியின் தொடக்க காலத்தைப் பாருங்கள். 1998இல் வாஜ்பாய் அமைச்சரவைக்கு அந்தக் கட்சி அனுப்பிய அமைச்சரின் பெயர் தலித் எழில்மலை. நிறுவனர் ராமதாசும் விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் திருமாவளவனும் தமிழ்ப் பாதுகாப்பு என்று ஒரே மேடையில் கைகோத்து நின்ற காலமும் வந்தது. அந்த வருசங்களில் கிராமத்தில் இரண்டு தரப்பு இளைஞர்களும் ஒன்றாகக் கொடி கட்டினார்கள்.

2012இல் அதே தலைவர், அதே கட்சி, ஆனால் பேச்சு வேறு. ‘நாடகக் காதல்’ என்ற சொல் ஊருக்கு ஊர் பரவியது. தலித் இளைஞர்கள் ஜீன்ஸ் பேன்ட், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று ராமதாஸ் பேசினார். தலித் அல்லாத சாதிகளை ஒருங்கிணைக்கப் பேரியக்கம் என்று ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன. பதினான்கு வருசத்துக்கு முன் தலித்தை மந்திரியாக்கிய கட்சியின் தொண்டன், இப்போது தலித் பையனின் பேன்ட்டைப் பார்த்துப் பயப்படப் பழக்கப்படுத்தப்பட்டான். இரத்தத்தில் ஊறியது என்றால் இந்தத் திருப்பம் நடந்திருக்குமா? கூட்டணிக் கணக்கு மாறியது, பேச்சு மாறியது, பின்னாலேயே மனசும் மாறியது.

2012 நவம்பர் 7 அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பீர்கள். ஒரு தலித் இளைஞரும் ஒரு வன்னியர் பெண்ணும் அதற்கு முன்பே கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். அன்று பெண்ணின் தகப்பனார் இறந்துபோனார். அன்று சாயங்காலம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அடுத்த வருசம் ஜூலை 4 அன்று அந்த இளைஞர் தர்மபுரியில் ரயில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். விசாரணை நடத்திய நீதிபதி சிங்காரவேலு ஆணையம் அது தற்கொலை என்றது.

எரிந்தவை குடிசைகள் என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்க் கட்டட வேலையும் பனியன் கம்பெனி வேலையும் பார்த்துச் சேர்த்த காசில் கட்டிய வீடுகள், பீரோ, பைக், பெண்ணுக்குச் சேர்த்த நகை, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்கள். ஊர்க்காரர் காட்டுக்கு இனிமேல் கூலிக்குப் போகத் தேவையில்லாத நிலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். கிணறு வற்றி, ராகி விலை போகாமல், பட்டாவின் மதிப்புக் குறைந்துகொண்டிருந்த சின்ன விவசாயிக்கு எதிர்ப்பக்கத்து மாடி வீடு கண்ணை உறுத்தியது. அந்த உறுத்தலுக்கு ஒரு காரணப் பெயர் சூட்டித் தந்தது மேடை. நத்தம் ஒரு காலத்தில் இரட்டை டம்ளரை எதிர்த்த இயக்கத்தின் ஊர். அப்பு, பாலன் சிலைகளுக்குப் பக்கத்து ஊர். முப்பது வருச இடைவெளியில் அந்த இடத்தை யார் பிடித்தார்கள் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்கிறது. கலப்புத் திருமணத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உதவித்தொகை உண்டு, தாலிக்குத் தங்கம் உண்டு. தாலி கட்டிக்கொண்டு அன்று ராத்திரி எங்கே போய்ப் படுப்பது என்பதற்கு ஏற்பாடு உண்டா? ஆணவக் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும், ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச்சில் சொன்னது. காதலித்துப் பயந்து ஓடும் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவின் போன் நம்பர் தெரியுமா என்று இந்தக் கல்லூரியிலேயே கேட்டுப் பாருங்கள்.

இதுவரை ஊர் ஜனங்களின் மனசைப் பற்றிப் பேசினேன். சர்க்காருக்கும் ஒரு மனசு உண்டு. அதைப் பார்க்க அரூர் தாலுகாவில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குப் போக வேண்டும்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறை 6 பேர், ஆக 269 பேர் அந்த மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். ஊர் ஜனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள். பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சேலம் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். கீழ்நாட்டில் இருந்த நமக்கு என்ன சொல்லப்பட்டது? சந்தன மரம் கடத்துகிறவர்கள் என்று சொல்லப்பட்டது. நாமும் நம்பினோம். வெட்டிய கூலிக்காரன் காட்டில் இருந்தான். விற்றவனும் வாங்கியவனும் டவுனில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு 269 பேர் போகவில்லை. மலைக்காரன் என்றால் திருடன் என்று கச்சேரியிலும் ஆபீசிலும் நெடுநாளாக இருந்த எண்ணத்துக்கு நம் மனசும் வாடகை இல்லாமல் இடம் கொடுத்தது.

இந்த எண்ணத்தை உடைத்ததும் அமைப்புகள்தான். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் பிடித்தன. அக்கட்சியின் ஏ. நல்லசிவன் வழக்குத் தொடுத்தார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்திலிருந்து வந்த பாமதி என்ற அதிகாரி நேரில் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அரசு தரப்பு மறுத்துக்கொண்டே இருந்தது. வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், அதற்குள் செத்துப்போன 54 பேர் போக மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு வருசம் கழித்து, 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தார். தீர்ப்புக்கு முன் அவர் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்திருந்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கவும், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மேல் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

மொத்தம் 31 வருசம். கோர்ட்டுக்குப் பேருந்து ஏறி இறங்கிய அந்தப் பெண்களை இப்போது யாரும் திருடிகள் என்று சொல்வதில்லை. இந்த மாவட்டத்தில் ஒரு பொது எண்ணம் தலைகீழாக மாறியதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரு தீர்ப்பு மட்டும் இதைச் செய்யவில்லை. வாய்தாவுக்கு வாய்தா கூடவே போக ஒரு சங்கம் இருந்ததால் நடந்தது.

பெண் குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு நம்பிக்கை தருவது, குழப்புவதும் இதுதான். தாத்தா காலத்தில் இந்தப் பக்கத்தில் பல சாதிகளில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட்டுப் பெண் எடுத்தார்கள். வரதட்சணை பின்னால் வந்தது. நகை, பைக், ரொக்கம் என்று அது ஏற ஏற, பெண் பிறந்தால் பாரம் என்ற எண்ணமும் ஏறியது. தொன்று தொட்டு வந்த வழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இன்றைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான். ஆரம்ப சுகாதார நிலையத்து இறப்புப் பதிவேட்டில் ‘சமூகக் காரணம்’ என்று எழுதுவார்கள். என்ன சமூகக் காரணம் என்று கேட்கத் தேவையில்லை, எல்லோருக்கும் புரியும்.

2011இல் அந்த 826, 913 ஆனது. மாநிலச் சராசரியான 943ஐ எட்டவில்லை. ஆனாலும் பத்து வருசத்தில் இவ்வளவு ஏற்றம் சாதாரணமானதில்லை. வேண்டாத குழந்தையை அரசிடம் விட்டுச்செல்ல வழி செய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் இங்கேயும் வந்தது. குழந்தையைத் தொட்டிலில் போடுவதையே நியாயப்படுத்துகிறது என்று அதற்கு வந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. என் பார்வையில் தொட்டிலைவிட அதிகம் வேலை செய்தவை வேறு. 1990களின் கடைசியில் சுகாதாரத் துறை கலைப்பயணம் என்று நாடகக் குழுக்களைக் கிராமம் கிராமமாக அனுப்பியது. அர்ச்சுனன் தபசும் துரோபதை துகிலும் பார்த்துப் பழகிய மந்தைவெளியில், பெண் சிசுவைக் கொன்ற வீட்டின் கதையை நம் பக்கத்துப் பிள்ளைகளே ஆடிக் காட்டினார்கள். நர்சம்மா கர்ப்பிணியின் வீட்டுக்கு மாசா மாசம் போனார். மகளிர் சுய உதவிக் குழு என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறதே, அது முதலில் தொடங்கியது 1989இல் நம் தர்மபுரியில்தான். “அந்த ஜனங்களே அப்படித்தான்” என்று சொல்கிறவர்களிடம் இதையும் சொல்லிவையுங்கள். வாரத்துக்கு ஒருநாள் கூடி, கையெழுத்துப் போட்டு, பாங்குக்குப் போய்வந்த பெண்ணை மாமியார் பழைய மாதிரி நடத்த முடியவில்லை.

முழுதாக மாறிவிட்டதா? இல்லை. 2022இல் தர்மபுரியில் கருவில் ஆணா பெண்ணா என்று சட்டவிரோதமாகப் பார்த்துச் சொன்ன கும்பல் பிடிபட்டது. கள்ளிப்பால் போய் ஸ்கேன் மிஷின் வந்திருக்கிறது. எழுத்தறிவில் 2011 கணக்குப்படி 68.54 சதவீதத்தோடு மாநிலத்தில் நாம்தான் கடைசி.

இப்போது இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2001க்கும் 2011க்கும் நடுவில் பெண் குழந்தை விஷயத்தில் மனசு இளகிய அதே மாவட்டம், 2012இல் சாதி விஷயத்தில் தீப்பந்தம் எடுத்தது. அதே குடும்பங்கள், அதே வீடுகள். ஒன்றுக்கு நர்சம்மா வந்தார், நாடகம் வந்தது, குழு வந்தது, கலெக்டர் மாசம் ஒருமுறை கணக்குக் கேட்டார். இன்னொன்றுக்கு யார் வந்தார்கள்? எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாழச் சமத்துவபுரம் என்று நூறு வீடுகள் ஆங்காங்கே கட்டினார்கள். நல்ல யோசனை, ஊருக்கு வெளியே நின்றுவிட்டது. மகளிர் குழுக்கள்கூடப் பெரும்பாலும் ஒரே தெருவுக்குள், ஒரே சாதிக்குள் அமைந்தன. அவை மாமியாரை எதிர்த்தன, ஊர் எல்லையைத் தாண்டவில்லை. சாதியைப் பற்றி வாரந்தோறும் வீட்டுக்கு வந்து பேசியது சாதிச் சங்கம் ஒன்றுதான். பதிவேட்டில் ‘சமூகக் காரணம்’ என்று எழுதிக் கணக்கு வைத்த சர்க்கார், எந்த ஊரில் தனி டம்ளர், எந்த ஊரில் தனிச் சுடுகாடு என்று அதுபோல மாசாமாசம் கணக்கு வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். பெண் சிசு குறைவது அதிகாரிகளுக்கு அவமானம். தனிச் சுடுகாடு யாருக்கும் அவமானமாகப் படவில்லை.

மாணவர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். தர்மபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2. அதே அக்டோபர் 2ஆம் தேதி ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூடும். இந்த வருசம் லீவு என்று வீட்டில் படுத்துவிடாமல் உங்கள் ஊர் சபைக்குப் போங்கள். ஊரிலிருந்து ஒருவர், காலனியிலிருந்து ஒருவர் என்று சேர்ந்து போங்கள். நம் ஊராட்சியில் டீக்கடை டம்ளர் ஒன்றா, சுடுகாட்டுப் பாதை ஒன்றா, தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதா என்று எழுந்து நின்று கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். அங்கே போய்க் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.